மனையில் விட்ட வெளியும் ஊருக்கு விட்ட வெளியும்

வீடு கட்டுதலையும் விவாகம் செய்தலையும் ஒருங்கு வைத்து, இரண்டும் செய்து பார்த்தே அறியத்தக்க அரிய காரியங்கள் என நம் முன்னோர் கூறிப் போந்தனர். கட்டி முடித்துக் குடிபுகுந்த வீட்டோடு பின்னர் ஓர் அறையைக் கூட்டுவது அவ்விரண்டினும் அரிது என்பதை அவர்கள் கூறாது விட்டனர். அக்காலத்தில் அதற்கு ஒருவர் உத்தரவும் வேண்டியிராமையே அதன் காரணம் போலும். இக்காலத்திலோ, மகனுக்கு மணமாயிற்று, மாடியில் ஓர் அறை எழுப்புவோம் என்று கருதும் இல்லறத்தான், கொத்தனாரைக் காணுமுன் விதிப்புத்தகத்தைக் காணல் வேண்டும். நம் கல்லூரியின் பழைய மாணவருட் பலர் வீடு கட்டியும் கூட்டியும் வருகின்றனர். இப்பொழுது பயில்வோரும் நாளை அந்நிலையை எய்துவர். ஆதலின் அவ்விதிகளை எங்ஙனம் வாசித்தல் வேண்டும் என்பதனை இங்கு ஒருவாறு ஆராய்வாம்.

தமிழ்நாட்டில் இப்பொருள் பற்றிய விதிகள் நெடுங்காலம் சிதறிக் கிடந்தன. சென்னைப் பெருநகர்க்கு ஒன்று, ஏனைய நகராட்சிகளுக்கு ஒன்று, ஊராட்சிகளுக்கு ஒன்று என்றவாறு வழங்கிய அவற்றைத் தொகுத்து, 2019-ம் ஆண்டு பிப்ரவரி மாதம் 4-ம் தேதி, தமிழ்நாடு ஒருங்கிணைந்த வளர்ச்சி மற்றும் கட்டட விதிகள் என்னும் பெயரால் அரசாங்கத்தார் வெளியிட்டனர். அதன்பின் 2024-ம் ஆண்டு ஜூலை மாதத்தில் சுயசான்று முறை என்றொரு புதிய ஏற்பாடு வந்தது. 2,500 சதுர அடிக்கு மேற்படாத மனையில், 3,500 சதுர அடிக்கு மேற்படாத வீட்டைத் தரைத்தளமும் முதல் தளமுமாகக் கட்டுவோர், விதிகளுக்கு இணங்கியே கட்டுகின்றோம் எனத் தாமே சான்றளித்து, கணினி வழியாக உடனே அனுமதி பெறலாம். அதிகாரி முன்னதாக வந்து மனையை அளந்து பார்ப்பதில்லை. அலைச்சல் குறைந்தது என்று அனைவரும் மகிழ்ந்தனர், மகிழத்தக்கதே. எனினும் இதனால் நேர்ந்த வேறொரு மாறுதலைப் பலர் நோக்கவில்லை. விதிக்குப் பொருள் காணும் பொறுப்பு இதுகாறும் மேஜைக்கு அப்பால் இருந்தது. இப்பொழுது அது மேஜைக்கு இப்பால், நம் கையில் வந்து சேர்ந்துவிட்டது. பொருள் தெரியாது கையொப்பமிட்டவனும் தெரிந்தே பொய்ச்சான்று கூறியவனும் சட்டத்தின் முன் ஏறக்குறைய ஒரே வரிசையில் நிற்கும்படி நேரலாம்.

இவ்விதிகளின் பிறப்பை அறிந்தால் அவற்றின் கருத்து விளங்கும். 1915-ம் ஆண்டில் அமெரிக்காவின் நியூயார்க் நகரில் ஈக்விட்டபிள் என்னும் பெயருடைய முப்பத்தெட்டு மாடிக் கட்டிடம் ஒன்று, தன் மனையின் ஓரம் முதல் ஓரம் வரை ஓர் அங்குலமும் விடாது, நேர்செங்குத்தாக எழுந்தது. அதன் நிழலில் அண்டைத் தெருக்களும் கட்டிடங்களும் ஒளியிழந்தன. மறு ஆண்டே அந்நகரத்தார், இன்ன பகுதியில் இன்ன உபயோகம், இன்ன உயரம், இவ்வளவு வெளி என்று நகரம் முழுமையும் பகுத்து விதி செய்தனர். அத்தகைய பகுப்புச் செல்லும் என 1926-ம் ஆண்டில் அந்நாட்டு உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது.

நம் நாட்டிலும் அவ்வெண்ணம் பிந்தி எழுந்ததன்று. ஸ்காட்லாந்து அறிஞர் பாட்ரிக் கெட்டிஸ் என்பார் நகரமைப்புக் கண்காட்சியொன்றை 1914-ம் ஆண்டில் இந்தியாவுக்கு அனுப்பினார். அதனை ஏற்றி வந்த கப்பலை ஜெர்மானியரது எம்டன் கப்பல் கடலில் மூழ்கடித்துவிட்டது. சென்னை மீது குண்டு எறிந்து, இன்றும் நம் ஊரில் கில்லாடிகளுக்குப் பட்டப்பெயராக வழங்கும் அதே எம்டன்தான். அவர் சோர்வின்றி வேறு படங்களைச் சேகரித்து 1915-ம் ஆண்டில் சென்னையில் கண்காட்சியை நடத்தினார். 1920-ம் ஆண்டில் சென்னை நகரமைப்புச் சட்டமும், அதனிடத்தில் 1971-ம் ஆண்டில் தமிழ்நாடு நகர் மற்றும் ஊரமைப்புச் சட்டமும் ஏற்பட்டன. நாம் கூறிவரும் விதிகளுக்கு முதன்மையான வேர் இப்பிந்திய சட்டமே.

நிற்க. இவ்விதிகள் கட்டிடத்தைப் பற்றியன என்றே யாவரும் எண்ணுகின்றனர். கூர்ந்து நோக்குவார்க்கு, கட்டாது விடவேண்டிய வெளியே இவற்றின் உயிர்ப்பொருள் என்பது புலனாகும். மனைக்குள் நான்கு புறமும் விடும் வெளி ஒன்று. மனைப்பிரிவு முழுமைக்குமாகப் பூங்கா, விளையாட்டுத் திடல் என ஊருக்கு விடும் வெளி மற்றொன்று. முன்னதை அறை கூட்டுவோர் விழுங்குகின்றனர். பின்னதை ஊரார் கூடியும், சிற்சில வேளைகளில் ஊராள்வோர் கூடியும் விழுங்குகின்றனர். இரண்டிடத்தும் விதியை வாசிக்க வேண்டிய முறை ஒன்றே: இவ்வெளி யார் பொருட்டு விடப்பட்டது என்று முதலில் வினவி, அதன் பின்னரே சொற்களுக்குப் பொருள் கொள்ளல் வேண்டும்.

முதலில் வீட்டை எடுத்துக்கொள்வாம். அறை கூட்டுவோர் முதலிற் பற்றிக்கொள்வது தளப்பரப்புக் குறியீடு என்பதனை. எப்.எஸ்.ஐ. என்று ஜனங்கள் வழங்குவது இதுவே. எல்லாத் தளங்களின் பரப்பையும் கூட்டி மனையின் பரப்பால் வகுத்தால் வரும் எண்ணே அக்குறியீடாம். 2019-ம் ஆண்டு விதிகள் உயர்மாடிக் கட்டிடமல்லாதவற்றுக்கு இதனை 2 என வகுத்தன. எனவே ஒரு கிரவுண்டு, அதாவது 2,400 சதுர அடி மனையில், எல்லாத் தளங்களும் சேர்த்து 4,800 சதுர அடி கட்டலாம் என்று கணக்கு வருகின்றது. கீழும் மேலுமாக 2,400 சதுர அடி கட்டியிருப்பவர், இன்னும் பாதி நம் உரிமை நிற்கின்றதே என்று மகிழ்கின்றார். இங்கேதான் பலர் இடறுகின்றனர். அவ்வெண் ஒரு மேல்வரம்பு மாத்திரமே. அதற்குள் நின்றுகொண்டே உயரம், முன்வெளி, பக்கவெளி, பின்வெளி, வண்டி நிறுத்துமிடம் ஆகிய ஏனைய விதிகள் ஒவ்வொன்றையும் தனித்தனியே நிறைவேற்றல் வேண்டும். ஒரு மாணவன் மொத்த மதிப்பெண்ணில் தேறினும் ஒரு பாடத்தில் தவறினால் தவறியவனே ஆவது போல என்க.

மேலும், பக்கவெளி என்பது என்றும் ஒரே அளவினதன்று. கட்டிடத்தின் உயரம் ஒரு படி கடந்தால் விடவேண்டிய பக்கவெளியும் கூடும். எதிரேயுள்ள சாலை அகன்றதாயின் முன்வெளியும் கூடும். இரண்டு தளங்களுக்கென விட்ட வெளியை வைத்துக்கொண்டு அதே சுவரின் மேல் மூன்றாம் தளத்தை எழுப்பினால், மேலே கட்டியது மட்டுமன்று, கீழே முறைப்படி நின்ற சுவரும் குறையுடையதாகி விடுகின்றது. எங்கள் வீடு அனுமதி பெற்ற வீடுதானே என்று அப்பொழுது கூறிப் பயனில்லை. அனுமதி பெற்றது அவ்வரைபடத்திற் கண்ட வீடு. நிற்பது வேறொரு வீடு. கூட்டுதலும் ஒரு கட்டுதலே என்பதனைச் சட்டம் ஐயமின்றிக் கொள்கின்றது. மொட்டை மாடியில் நான்கு கம்பங்களை நட்டுத் தகரம் வேய்ந்தால் அஃது அறையாகாது என்பார் உளர். கம்பம் நட்ட ஆண்டில் அவர் கூற்றில் சிறிது நியாயம் இருக்கக்கூடும். அடுத்த ஆண்டு சாரலுக்காக மூன்று புறம் தட்டி கட்டுவர். அதற்கடுத்த ஆண்டு தட்டி செங்கல்லாகும். பின்னர்க் கதவும் பூட்டும் வந்து, ஒரு மாணாக்கர் வாடகைக்கும் குடிவந்து விடுவார். எந்த ஆண்டில் கூரை அறையாயிற்று என்று கேட்டால் வீட்டுக்காரருக்கே விடை தெரியாது.

விடவேண்டிய வெளியில் எதுவுமே இருத்தலாகாதோ எனின், அவ்வளவு கடுமை விதிகளில் இல்லை. சன்னல் மேல் நீளும் சிறு தாழ்வாரம், சுற்றுச்சுவர், நீரேற்றும் யந்திரத்துக்கான சிற்றறை, காவற்காரன் கூண்டு இவை போல்வன, குறித்த அளவுக்குள் அனுமதிக்கப்பட்டுள்ளன. இவ்வாறே மாடியின் மேலுள்ள நீர்த்தொட்டியும் படிக்கட்டின் தலைமூடியும் தளப்பரப்புக் கணக்கிற் சேர்வதில்லை. ஆனால் விலக்கு என்பது தன் பெயரளவுக்கே செல்லும் என்பது சட்ட வாசிப்பின் பழைய முறை. படிக்கட்டின் தலைமூடிக்கு விலக்கு உண்டு என்பதால், அத்தலைமூடியை நான்கு மடங்கு அகலமாக்கிக் கட்டில் போடுதற்கு விலக்கு உண்டாகாது. படிப்போர் முதலிற் பார்க்க வேண்டியது விதிகளின் தொடக்கத்திலுள்ள சொற்பொருள் விளக்கம். உயரம் எங்கிருந்து எதுவரை அளக்கப்படும், தளம் என்பது யாது, குடியிருப்பு என்பது யாது என்னும் வினாக்களுக்கு அங்கேயே விடை கூறப்பட்டிருக்கும். அகராதிப் பொருளையோ கொத்தனார் கூறும் பொருளையோ கொண்டு வழக்காடுதல் வீண்.

பக்கவெளி யார் பொருட்டு என்னும் வினாவுக்கு இவ்விதிகளினும் முந்திய சட்டமொன்று விடை தருகின்றது. 1882-ம் ஆண்டு இந்திய அனுபோகச் சட்டத்தின்படி, ஒரு கட்டிடம் தன் சன்னல் வழியாக வெளிச்சமும் காற்றும் இருபது ஆண்டு இடையறாது, எவர் தடையுமின்றி, உரிமையாக அனுபவித்திருப்பின், அவ்வனுபோகம் நிலைத்த உரிமையாகின்றது. கூட்டும் அறையின் சுவர் அதனைப் பெரிதும் மறைக்குமாயின் அண்டை வீட்டார் நீதிமன்றம் செல்லலாம். புது வீட்டுக்காரருக்கோ இருபது ஆண்டு காத்திருத்தல் இயலாது. அவர் மனை வாங்கிய நாள் முதலே அவருக்கு ஒளியும் காற்றும் கிடைக்கச் செய்வது விதி கூறும் பக்கவெளிதான். அண்டை வீட்டில் ஒரு முதியவள் பகலிலும் விளக்கேற்றிக் கொண்டு அரிசியில் கல் பொறுக்கும் காட்சியைக் கண்டவர்க்கு, ஒன்றரை மீட்டரோ ஒரு மீட்டரோ என்னும் வாதம் வெறும் எண்ணாகத் தோன்றாது.

இனி, அளவிலிருந்து உபயோகத்துக்குச் செல்வாம். நகரின் திட்டப்படம் நிலத்தைக் குடியிருப்பு, வாணிகம், தொழில், நிறுவனம், திறந்தவெளி மற்றும் பொழுதுபோக்கு, வேளாண்மை முதலிய மண்டலங்களாகப் பகுத்திருக்கும். 2008-ம் ஆண்டில் வெளியான சென்னைப் பெருநகரின் இரண்டாம் முழுமைத் திட்டம், குடியிருப்பையே முதன்மைக் குடியிருப்பு எனவும் கலப்புக் குடியிருப்பு எனவும் இருவகையாக்கிற்று. ஒருவர் தம் மாடியில் வலை கட்டித் தம் பிள்ளைகள் இறகுப்பந்து ஆடச் செய்தால், அது குடியிருத்தலின் ஓர் அங்கமே. எவரும் குறை கூறார். அதே மாடிக்கு விளக்குகள் கட்டி, மணிக்கு இவ்வளவு கட்டணம் என்று பலகை மாட்டினால், சுவரில் ஒரு செங்கல்லும் கூடாதிருந்தும் உபயோகம் மாறிவிடுகின்றது. உபயோகத்தை மாற்றுவதும் சட்டத்தின் கண்ணுக்கு ஒரு வளர்ச்சியே. அதற்கும் அனுமதி வேண்டும். வெற்று மனையில் செயற்கைப் புல் விரித்து நள்ளிரவு வரை கிரிக்கெட்டுக்கு வாடகை விடும் திடல்கள் இக்காலத்தில் நகர்ப்புறங்களில் மிகுந்திருத்தலின், இவ்வேறுபாட்டை அறிதல் ஆடுவோர்க்கும் நன்று, உறங்குவோர்க்கும் நன்று.

விளையாட்டும் பொழுதுபோக்கும் நல்லவைதாமே, குடியிருப்பின் நடுவே இருந்தால் என் என்று கேட்கலாம். இக்கேள்வி உடுப்பியில் எழுந்தது. 1956-ம் ஆண்டு வரை சென்னையோடு சேர்ந்திருந்த அவ்வூரில், குடியிருப்புக்கென நகரமைப்புத் திட்டத்தில் ஒதுக்கிய பகுதியில், கலியாண மண்டபமும் சொற்பொழிவு மண்டபமும் கட்டுவதாக ஒருவர் உத்தரவு பெற்றார். பின்னர் அதனைச் சினிமாக் கொட்டகையாக மாற்ற நகராட்சியே இசைவளித்தது. அப்பகுதிவாசி ஒருவர் வழக்குத் தொடுத்தார். கட்டியவர் பெரும்பணம் செலவிட்டுவிட்டார் என்பதை நோக்கி உயர் நீதிமன்றம் தலையிடாது விட்டது. உச்ச நீதிமன்றமோ 1974-ம் ஆண்டில் அதனை மாற்றிற்று. திட்டத்துக்கு முரணாக இசைவளிக்க நகராட்சிக்கே அதிகாரம் இல்லை. செலவிட்ட பணம் இல்லாத அதிகாரத்தை உண்டாக்காது. அங்குக் குடியிருப்பவர் எவரும் திட்டத்தைக் காக்கும்படி கேட்க உரிமையுடையவர் என்பன அத்தீர்ப்பின் சாரம். இவற்றுள் மூன்றாவதே நம் கருத்துக்கு மிக இன்றியமையாதது. விதி என்பது வீட்டுக்காரருக்கும் அலுவலகத்துக்கும் இடையே நடக்கும் பேச்சு மட்டுமன்று. தெருவிலுள்ள அனைவரும் அதில் ஒரு கட்சி.

ஊருக்கு விடும் வெளியின் செய்தி இதனினும் விரிந்தது. 3,000 சதுர மீட்டருக்கு மேற்பட்ட நிலத்தை, அதாவது ஏறக்குறைய பதின்மூன்றரை கிரவுண்டுக்கு மேற்பட்டதை, மனையாகப் பிரிப்பவரும் அதில் பெருங்கட்டிடம் எழுப்புவோரும், சாலைகள் நீங்கலாகப் பத்தில் ஒரு பங்கைத் திறந்தவெளியாக ஒதுக்கல் வேண்டும். ஓ.எஸ்.ஆர். நிலம் என்று வழங்குவது இதுவே. 10,000 சதுர மீட்டர் வரையுள்ள நிலத்தில் ஒதுக்கல் இயலாதாயின் வழிகாட்டி மதிப்பைப் பணமாகச் செலுத்தும் வழியும் உண்டு. அதற்கு மேற்பட்டால் நிலமாகவே கொடுத்தல் வேண்டும். அதனைப் பதிவு செய்த தானப்பத்திரத்தால் இலவசமாக ஒப்படைக்க வேண்டும். விலையின்றி நிலத்தைக் கொள்ளுதல் சொத்துரிமைக்கு விரோதம் என்று சென்னையிலிருந்து சென்ற வழக்கில், 2023-ம் ஆண்டு பிப்ரவரி மாதம் உச்ச நீதிமன்றம் அவ்விதி செல்லும் எனத் தீர்த்தது. நிலம் பிரிக்கப்படுவதால் ஜனம் பெருகுகின்றது. பெருகும் ஜனத்துக்கு மூச்சுவிட இடம் வேண்டும். அவ்விடத்தைப் பிரிப்பவரே தருவது முறை என்பது அவ்விதியின் நோக்கம்.

இதில் இருவகை மயக்கம் நேர்கின்றது. மனை வாங்கியவர்கள் தங்கள் விலையிலேயே அவ்வெளியின் விலையும் அடங்கியது என்று எண்ணி, வேலியிட்டுப் பூட்டி, அயல் தெருப் பிள்ளைகளைத் துரத்துகின்றனர். தானப்பத்திரம் எழுதியபின் அது ஸ்தல ஸ்தாபனத்தின் பொறுப்பிலுள்ள பொதுவெளி. வேலிக்கு அப்பாலுள்ள பிள்ளைக்கும் அதில் பந்தாட உரிமை உண்டு. மற்றையோர், பொதுவெளிதானே என்று அதில் நியாயவிலைக் கடையோ, சமுதாயக் கூடமோ, வழிபாட்டிடமோ எழுப்ப முற்படுகின்றனர். இவையெல்லாம் ஊருக்கு வேண்டியவை ஆதலின் மறுத்துப் பேசுவது கடினம். ஆனால் பெங்களூரில் நேர்ந்ததை நோக்குக. அங்கு ஒரு குடியிருப்பில் பூங்காவுக்கென ஒதுக்கிய இடத்தை, மாநில முதலமைச்சரின் ஆணையின் பேரில், மருத்துவமனை கட்டத் தனியார் அறநிலையம் ஒன்றுக்குக் கொடுத்தனர். நோயாளியைக் காட்டிலும் பூங்கா பெரிதோ என்பதே அவர்கள் வாதம். 1991-ம் ஆண்டில் உச்ச நீதிமன்றம் அதனை ஏற்கவில்லை. மருத்துவமனை பயனுடையதாயினும் அது பூங்காவின் இடத்தை நிரப்பாது. எல்லோருக்கும் பொதுவாக ஒதுக்கியதைச் சிலரிடம் ஒப்படைத்தல் திட்டத்தையே அழிப்பதாகும் என்று கூறி, குடியிருப்போர் பக்கமே தீர்ப்பளித்தது. தமிழ்நாட்டில் இதற்கென்றே 1959-ம் ஆண்டு முதல் பூங்காக்கள், விளையாட்டுத் திடல்கள், திறந்தவெளிகள் ஆகியவற்றைப் பாதுகாக்கும் தனிச்சட்டம் ஒன்று உண்டு. அதனைப் பெயரளவிலேனும் அறிந்தோர் சிலரே.

இவ்வளவும் கேட்டபின், பிற்காலத்தில் அபராதம் கட்டி வரன்முறைப்படுத்திக் கொள்ளலாமே என்பார் இருப்பர். அந்நம்பிக்கைக்கு வரலாறு சிறிது இடமளித்ததும் மெய்யே. 1971-ம் ஆண்டுச் சட்டத்தின் 113-ம் பிரிவு, விதிகளினின்று விலக்களிக்க அரசாங்கத்தாருக்கு அதிகாரம் தருகின்றது. 113-ஏ என்னும் பிரிவு பின்னர்ச் சேர்ந்து, 1999-ம் ஆண்டு பிப்ரவரி மாத முடிவுக்குள் கட்டியவற்றைக் கட்டணம் பெற்று வரன்முறை செய்ய இடங்கொடுத்தது. 2000-ம் ஆண்டில் உச்ச நீதிமன்றம் அவ்விரு பிரிவுகளும் செல்லும் என்றது. என்றாலும் விலக்களிக்கும் அதிகாரம் சட்டத்தின் நோக்கத்தை நிறைவேற்றுதற்கேயன்றி அதனைக் குலைத்தற்கன்று எனவும், 113-ஏ ஒருமுறை மாத்திரம் செய்யும் ஏற்பாடு எனவும் கொண்டது. 2024-ம் ஆண்டு டிசம்பர் மாதத்தில் அதே நீதிமன்றம், உத்தரப்பிரதேசத்திலிருந்து வந்த ஒரு வழக்கில், ஆண்டுகள் கடந்தமையோ, பணம் செலவானமையோ, அதிகாரிகள் வாளாவிருந்தமையோ முறையற்ற கட்டிடத்தை முறையானதாக்கா எனத் தெளிவாகத் தீர்த்தது. மகனுக்கு அறை கட்டுவோர் இத்தீர்ப்பைப் படிப்பது நன்று. அவன் காலத்தில் இடிக்கும்படி நேர்வதை அவன் விரும்பான்.

செய்யத்தக்கது யாதெனின், அறை கூட்ட எண்ணுவோர் முதலில் தம் பழைய அனுமதி வரைபடத்தைத் தேடி எடுத்து, அதில் கண்டவாறே வீடு நிற்கின்றதா என நாடாவால் அளந்து பார்த்தல் வேண்டும். பின்னர் எதிர்ச்சாலையின் அகலத்தைப் பத்திரத்திலிருந்து கொள்ளாது, சாலையிலேயே அளத்தல் வேண்டும். அதன்பின்னரே பதிவு பெற்ற பொறியாளரிடம் செல்லலாம். தம் தெருவின் பூங்காவைக் குறித்து ஐயமுடையோர், மனைப்பிரிவின் அனுமதிப் படத்தையும் தானப்பத்திரத்தின் எண்ணையும் 2005-ம் ஆண்டுத் தகவல் அறியும் உரிமைச் சட்டத்தின்படி பத்து ரூபாய் கட்டணத்தில் கேட்கலாம். முப்பது நாளுக்குள் விடை தரல் வேண்டும் என்பது சட்டம். தானப்பத்திர எண் கிடைத்தபின், சார்பதிவாளர் அலுவலகத்தில் வில்லங்கச் சான்று எடுத்தால், அந்நிலம் இன்று எவர் பெயரில் நிற்கின்றது என்பதும், நடுவே எவரேனும் அதனைக் கிரயம் செய்துவிட்டனரா என்பதும் தெரிந்துவிடும்.